காலி லிஃப்ட்டின் எடை

புது கன்ட்ரோலர் படு கெட்டி. எத்தனை பேர் ஏறினாலும் பாரத்தைத் தானே கணித்து, லிஃப்ட் மோட்டாரின் வேகம் துளியும் குறையாமல் பார்த்துக்கொள்ளும். ஒரே ஒரு குடைச்சல்: ஆளே இல்லாத லிஃப்ட்டுக்கும் திரையில் அறுபத்தெட்டு கிலோ காட்டியது. மெக்கானிக் கயிறு, கப்பி, பிரேக் எல்லாவற்றையும் அலசிவிட்டார். எண் அசையவில்லை.

"சரியா உங்க எடை, மாமா," என்று சிரித்தான் கூட வேலை பார்க்கும் மைத்துனன். "மண்டைய உடைச்சுக்காதீங்க. அதையே சைபர்னு செட் பண்ணிடுங்க. மேல வீட்டுல அக்கா சோறு வெச்சுக்கிட்டு காத்திருக்கும்."

அப்படியே செய்தார். மூன்று நாள் திரையில் சைபர் நல்ல பிள்ளையாக நின்றது.

நாலாம் நாள் மதியம், இருவரும் மோட்டார் அறையில் இருந்தபோது, காலி லிஃப்ட் தானாகக் கிளம்பி ஐந்தாம் மாடியில் நின்றது. கதவு திறந்து மூடிக்கொண்டது. திரையில் மைனஸ் அறுபத்தெட்டு.

ஐந்தாம் மாடியில் இருப்பது மெக்கானிக்கின் வீடு மட்டும்தான்.

மைத்துனனின் போன் அடித்தது. அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி, மாமாவுக்கு அங்க என்னடா ஆச்சு? வந்ததும் வராததுமா, ஒரு வார்த்தை பேசாம உள்ள போய்ப் படுத்துட்டாரே!"