மஞ்சள் அட்டையில் ஓர் இடம்

கத்தரியில் பூச்சியை ஒழித்து விளைச்சலைக் கூட்ட, ஆராய்ச்சிப் பண்ணையில் பசை தடவிய மஞ்சள் அட்டை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து வெள்ளை ஈ வீரபாகுவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“போனவன் ஒருத்தனும் திரும்பலையே, மாப்பிள்ளை. அப்ப எவ்வளவு நல்ல இடமா இருக்கும்!”

“எனக்கென்னவோ பயமா இருக்கு, மச்சான்,” என்றான் தங்கை புருஷன்.

“நீ இந்த இலையையே சப்பிக்கிட்டுக் கிட!”

வீரபாகு பறந்துபோய் அட்டையில் உட்கார்ந்தான். ஆறு காலும் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டன. நேற்று அங்கிருந்து “பிரமாதம், வாடா!” என்று கூப்பிட்ட சித்தப்பா, பக்கத்தில் ஒட்டியபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“எப்படி இருக்கு, மச்சான்?” இலையிலிருந்து குரல் வந்தது.

அத்தனை பேச்சுப் பேசிவிட்டு, மாட்டிக்கொண்டேன் என்று எந்த வாயால் சொல்வது? வீரபாகு தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“பிரமாதம், மாப்பிள்ளை!”

“அப்ப துண்டு போட்டு இடம் பிடிச்சு வைங்க. உங்க தங்கச்சியையும் கூட்டிட்டு வர்றேன்!”