வெள்ளைத் துவாய்

மகன் கீதன் வெள்ளைத் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, மேடையில் இருந்த ஞானஸ்நானத் தொட்டியருகே போய் நின்றபோது ஏரம்பமூர்த்திக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டப்போகிறவன், மதமும் மாறப்போகிறான்! 'சர்ச்சுக்கு ஆண்டு விழா, சும்மா வந்து பாருங்கோ' என்று புக்கெகோஹி என்ற இந்தத் தோட்ட ஊர் வரை கூட்டி வந்தது இதற்குத்தான்.

எழுந்து போக வழியில்லை. நீள வாங்கில் இரண்டு பக்கமும் தோட்டக்காரக் குடும்பங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. காரை எடுத்துக்கொண்டு போகலாமென்றால், அதன் திறப்பும் கீதனிடம்.

பாஸ்டர் சபையின் பூர்வீகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். இதைத் தொடங்கியவர்களின் முன்னோர் இங்கிலாந்தில் ஒரு சின்னக் கிராமத்துப் பாப்டிஸ்டுகள். அரசாங்கத் தேவாலயத்தை விட்டு வேறெங்கும் கூடிக் கும்பிட்டால் சிறை என்றிருந்த காலம். வைக்கோல் கொட்டிலுக்குள் கதவைச் சாத்தி, வாசலில் காவல் வைத்து, பாட்டுச் சத்தம்கூட எழும்பாமல் செபித்தார்களாம்.

"பிறகு, ஆள் நடமாட்டம் இல்லாத இடமாப் பாத்து ஆத்தில முழுகி ஞானஸ்நானம் எடுப்பினம்," என்று பக்கத்தில் இருந்த மனைவி யோகராணி முணுமுணுத்தாள்.

அடுத்ததாகப் பாஸ்டரும் அதையே சொன்னார்.

"உமக்கெப்பிடித் தெரியும்?"

"கேள்விப்பட்டனான்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தாய்க்கும் இதில் கூட்டு! ஊர்ச் சனத்தின் முகத்தில் எப்படி முழிப்பது?

"யோகா, அவன் என்ர சொல்லுக் கேக்கான். நீர் போய் மறியும்," என்று கெஞ்சினார்.

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். "ஓம். போறன்."

அவள் எழுந்ததும் ஆட்கள் கால்களை ஒதுக்கி வழிவிட்டார்கள். ஏரம்பமூர்த்திக்கு மூச்சு வந்தது. தாய் கையைப் பிடித்தால் பிள்ளை மறுக்க மாட்டான்.

மேடையில் ஏறிய யோகராணி மகனின் கையைப் பிடிக்கவில்லை. தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவனிடம் கொடுத்தாள். அவன் அதை வாங்கிக்கொண்டு, தோளில் கிடந்த துவாயை அவளுக்காக எடுத்துத் தயாராக வைத்தான். பாஸ்டரின் மனைவி ஒரு வெள்ளை அங்கியை அவளுக்குப் போட்டுவிட்டாள்.

ஏரம்பமூர்த்தி பாதி எழுந்தார். முழங்கால் முன் வாங்கில் இடித்தது. நிற்கவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை.

தொட்டிக்குள் இறங்குமுன் சாட்சி சொல்லும்படி பாஸ்டர் மைக்கை நீட்டினார். அதை வாங்கியவள், அத்தனை பேரையும் விட்டுவிட்டுக் கணவரை மட்டும் பார்த்துத் தமிழில் சொன்னாள்:

"கட்டின நாளில இருந்து உங்களுக்கு ஒளிச்சுத்தானப்பா செபிச்சனான்."