துடிப்பு எண்ணும் வாசல்

கோவையில் பிறக்கும் பிள்ளைக்குத்தான் கோவைத் தண்ணீரில் பங்கு. அதனாலேயே நிறைமாதக்காரிகளை எல்லை வாசல் உள்ளே விடாது. நிற்பவளின் உடம்பில் இரண்டு இதயம் துடித்தால் சிவப்பு விளக்கு எரியும். வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

"எட்டு மணி நேரம் பஸ்ல குலுங்கினா ஆகாதும்மா," என்று சங்கரன்கோவில் நர்ஸ் எச்சரித்தாள். கோமதி மூன்று நாள் யோசித்தாள். குடத்தில் மஞ்சளாகத் தேங்கிக் கிடந்த தண்ணீரைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

ஈரச் சாக்கை வயிற்றில் சுற்றினால் பிள்ளையின் துடிப்பு வாசலுக்குக் கேட்காது என்று ஊரில் பேச்சு. பஸ்ஸை விட்டு இறங்கியதும் கணவன் பால்வண்ணன் அப்படியே சுற்றிவிட்டான்.

வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பச்சை எரிந்தது.

"துடிப்பு ஒன்று. செல்லலாம்."

"சாக்கு காப்பாத்திட்டு, பாத்தியா!" பால்வண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

கோமதி சாக்கை அவிழ்த்தெறிந்தாள். வளைகாப்பு வளையல்களை வயிற்றருகே குலுக்கினாள். அந்தச் சத்தம் கேட்டாலே உதைக்கிற பிள்ளை. மறுபடி குலுக்கினாள். மறுபடியும்.

"ஏங்க," என்றாள், "இன்னொருக்கா என்னை அந்த வாசல்ல நிறுத்துங்க. சிவப்பு எரியட்டும்."