நாலாம் மாடிக்குச் சக்கர நாற்காலி

கத்தோலிக்கச் சகோதரர் சபையின் லண்டன் மாகாணத் தலைவர் படம் பிடிக்கப் பன்னிரண்டு மணிக்கு வருகிறார். அதற்குள் நன்கொடைச் சக்கர நாற்காலியை ஞானம்மா என்ற முதியவரிடம் சேர்த்துவிட வேண்டும். சபை உறுப்பினர்களான சவிரிமுத்துவும் பெஞ்சமினும் கிங்ஸ்பரி அடுக்குமாடிக்கு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார்கள்.

கடைக்காரன் வாசலில் இறக்கிவிட்டுப் போயிருந்த நாற்காலியில் வயதான அம்மா ஒருவர் தயாராக உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் பழுது.

“எத்தினையாம் மாடி அம்மா?” என்று கேட்டார் சவிரிமுத்து.

“நாலாவது, தம்பி.”

சவிரிமுத்து செபம் ஒன்றை முணுமுணுத்தபடி முன்பக்கத்தைத் தூக்கினார். இரண்டாம் மாடியில் பெஞ்சமினுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. மூன்றாம் மாடியில் அம்மா, “ஆட்டாமல் தூக்குங்கோ” என்றார்.

நாலாம் மாடியில் அவர் விறுவிறுவென்று எழுந்து நடந்துபோய்த் தன் வீட்டுக் கதவைத் திறந்தார்.

சவிரிமுத்து அவர் பின்னால் ஓடினார். “உங்களுக்கு நடக்க ஏலுமோ அம்மா?”

“ஏன் ஏலாது? லிஃப்ட் பழுதெண்டு கவுன்சிலுக்கு எழுதினனான். தூக்க ஆள் அனுப்பியிருக்கினம் எண்டு நினைச்சன்.”

“அப்ப ஞானம்மா?”

“அவ கீழ்வீடெல்லோ. பாவம், நடக்க ஏலாத மனுசி.”

இருவரும் வெறும் நாற்காலியைக் கீழே இறக்கத் தூக்கினார்கள்.

“தம்பியவை,” என்றார் அம்மா, “நாளைக்கு நான் விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போறன். திரும்பி வந்து நாலு மணிக்குக் கீழே நிப்பன், வந்திடுங்கோ.”