பழைய பல்சக்கரம்

யுத்தம் முடிந்து சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் ஏலத்தில் விட்ட கைச்சுற்று சலவை மெஷின் அது. ஆவடியில், ஜெயகுமாரியின் வீட்டில் அதைப் பார்க்க மறுபடியும் வந்திருந்தான் ஃபிட்டர் பால்ராஜ்.

“போன வாரந்தானேக்கா தேஞ்ச பல்சக்கரத்த மாத்தி எண்ணெ ஊத்தினேன்? இப்ப இன்னா?”

“நீ கை வெச்சதுலேர்ந்து அவுரு கண்ண மூடல. பாரு!”

கட்டிலில் அவள் புருஷன் கிருபைதாஸ் கூரையை வெறித்துக் கிடந்தார்.

பால்ராஜ் கைப்பிடியைச் சுற்றினான். குளத்தில் வாத்து போவதுபோல் வழுக்கிக்கொண்டு போயிற்று. அவனுக்கே பெருமையாக இருந்தது.

“சத்தமே இல்லியேக்கா! தூங்கறதுக்கு இன்னா?”

“அந்தச் சத்தந்தாண்டா வேணும். ரயில் இஞ்சின்ல கரி அள்ளினவரு. டூட்டி முடிஞ்சா, ஊடு வர்ற வரைக்கும் கடைசிப் பெட்டியிலதான் தூக்கம். காலு போனப்புறம் இந்த மெஷின்தான் தூங்க வெச்சுது. பழசையே மாட்டு.”

மாட்டினான். ஜெயகுமாரி கைப்பிடியைச் சுற்ற, துணியே இல்லாத தொட்டி ‘கடக் கடக், கடக் கடக்’ என்று ஓடத் தொடங்கியது. கிருபைதாஸின் இமைகள் மெல்லச் சரிந்தன.

“ஆவடி வந்தா எழுப்பு” என்று முணுமுணுத்தார்.

ஆவடி வந்துவிடாதபடி ஜெயகுமாரி சுற்றிக்கொண்டே இருந்தாள்.