பூட்டின அறையில் மூட்டைப்பூச்சி

இப்போல்லாம் படிச்சதுங்க ஆளைப் பார்த்துப் பேசறதில்ல, காகிதத்தைப் பார்த்துத்தான் பேசுதுங்க. என் பொஞ்சாதி அஞ்சலையோட கயித்துக் கட்டில்ல ஆராய்ச்சிக்குன்னு மூட்டைப்பூச்சி பிடிச்சுகினு போன காலேஜு டீச்சர் கற்பகமும் அப்படித்தான். ஒன்பது வருஷம் கழிச்சு வந்து, அதே கட்டில்ல மறுபடி பிடிச்சுது. அது மொதல்ல பிடிச்சுகினு போன வருஷமே அஞ்சலை அந்தக் கட்டில்லதான் செத்துது. காரியம் முடிஞ்சு பூட்டின அறையை, மக செல்வராணி தலைப்பிரசவத்துக்கு வர்றாளேன்னு இப்பத்தான் தொறந்தேன்.

நேத்து கற்பகம், பூச்சியை மிஷின்ல சோதிச்ச காகிதத்தோட வந்துது.

"பூச்சிக்குள்ள ஒரு கிருமி இருக்குது பெரியவரே. தாய்கிட்டேர்ந்து முட்டைக்குப் போற கிருமி. அன்னிக்குப் பிடிச்சதுலயும் இதுலயும் ஒரே வம்சம், வேற எந்த வூட்டுலயும் இல்லாதது. வெளியிலேர்ந்து பூச்சி எதுவும் வரல."

"அதுக்கு இன்னா இப்போ?"

"ரத்தம் இல்லாம இதுங்க ரெண்டு வருஷம்கூடத் தாங்காது. இத்தினி வருஷமா அதுல யாரு படுத்தாங்க?"

"எலி படுத்திருக்கும்."

"வயித்துல இருந்தது மனுஷ ரத்தம்."

"உன் மிஷினு பொய் சொல்லுது. போம்மா."

அது போனப்புறம் கட்டிலை வெயில்ல தூக்கிப் போட்டேன். அறையைப் பூட்டறதுக்கு முந்தி நான் இழுத்துக் கட்டின கயிறு, ஒரு ஆள் ஒருக்களிச்சுப் படுத்த அளவுக்குக் குழிஞ்சிருந்துது. பழங்கயிறு தொய்யத்தான் செய்யும். மகளுக்குப் புதுப் பாய் வாங்க மதுராந்தகத்துக்கு நடந்தேன்.