மூணு வருசப் பாக்கி

"இன்னும் என்னப்பா பாத்துக்கிட்டு நிக்கிற? குழாயக் கழட்டு ராபர்ட்டு!"

வரி வசூலிக்கும் ராஜவேல் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்துகொண்டன. மனுஷனுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. கடலூரில் அவர் பைக் நுழையாத மீனவர் தெரு கிடையாது.

மீன் விற்றுவிட்டு அப்போதுதான் வந்த சின்னப்பிள்ளை, கூடையைக்கூட இறக்காமல் வாசலில் கூனிக் குறுகி நின்றாள்.

"சார், உள்ள எம்பொண்ணு பத்து நாள் கொழந்தையோட இருக்கா. பச்ச ஒடம்புக்காரி. தண்ணிய மட்டும் நிறுத்திடாதீங்க. வரிய நான் வருசா வருசம் கட்டிட்டுதான் இருக்கேன்."

"கம்ப்யூட்டர்ல மூணு வருசப் பாக்கி நிக்குது. வாய் கூசாம பொய் வேற சொல்றியா?"

உள்ளே குழந்தை வீறிட்டது. ராஜவேலுக்கு ஒரு கணம் என்னவோ போலாகிவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் குரலை இன்னும் உயர்த்தினார்.

"என் வீட்டப் பாரு! வரி கட்டுன்னு ஒரு நாள் நான் வாயத் தொறந்ததில்ல. ஆனா எப்பப் பாத்தாலும் பாக்கி இல்லன்னுதான் காட்டுது. என் வீட்டுக்காரி ரோஷக்காரி, தானா கட்டிடுறா."

"நீங்க சீட்டுல எழுதிக் குடுத்த வீட்டு வரி நம்பரத்தான சார் கவுன்ட்டர்ல காட்டிக் கட்டுனேன்?"

"ஆமா, எழுதிக் குடுத்தேன். இந்த வார்டு நம்பரெல்லாம் எனக்குத் தலைகீழ் மனப்பாடம். கட்டியிருந்தா ரசீது எங்க?"

சின்னப்பிள்ளை கூடையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். அவள் திரும்புவதற்குள் பிளம்பர் ராபர்ட் குழாயைக் கழற்றிவிட்டான். தண்ணீர் தெருவில் ஓடியது.

அவள் நீட்டிய பாலிதீன் கவரில் மூன்று ரசீதுகள் இருந்தன.

"எனக்குப் படிக்கத் தெரியாது தம்பி. நீயே பாத்து சொல்லு."

"நல்லா சத்தமா படி ராபர்ட்டு! தெருவுக்கே கேக்கட்டும்," என்றார் ராஜவேல், இடுப்பில் கைவைத்துக்கொண்டு.

ராபர்ட் முதல் ரசீதைப் பார்த்தான். இரண்டாவதை, மூன்றாவதைப் பார்த்தான். மறுபடி முதலிலிருந்து பார்த்தான். பிறகு ராஜவேலின் காதருகே வந்து, யாருக்கும் கேட்காதபடி சொன்னான்:

"மூணு வருசமும் கட்டியிருக்காங்க சார்... உங்க வீட்டுக்கு."